கவலை தீர்க்கும் கவலை மீன்!

மாரடைப்பைத் தடுக்கும் உணவு எது?

"மத்திய தரைக்கடல் ஓரத்து மக்களின் சாப்பாடு" என்று உலகத்து டாக்டர்கள் பலர் பதில் சொல்கிறார்கள்.

கிரீஸ், இத்தாலி, ஸ்பெயின் ஆகிய நாடுகள் அந்தக் கடலின் கரையில் இருக்கின்றன. அந்த ஊர்களின் ஏழை எளிய ஜனங்கள் காலம் காலமாகச் சாப்பிட்டு வந்தவை என்ன? மீன், கீரை, காய்கறி, பருப்பு, பயறு, பழம், தவிடு நீக்காத தானியம். இறைச்சியும் இனிப்பும் எப்போதாவதுதான். சமையலுக்கு ஆலிவ் எண்ணெய்.

இது தெரிந்ததும் சென்னையில் வசதி உள்ள வீடுகளில் ஆலிவ் எண்ணெய்ப் புட்டி வந்து உட்கார்ந்து கொண்டது.

ராயபுரத்திலும், திருவொற்றியூரிலும், எண்ணூரிலும் மாதச் சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவு செய்யும் குடும்பங்கள் என்ன செய்யும்? அந்தப் புட்டியின் விலையைக் கேட்டாலே நெஞ்சு வலி வந்து விடுமே!

அவர்கள் கலங்க வேண்டியது இல்லை. ஆலிவ் எண்ணெய் இல்லாமலே அந்தச் சாப்பாட்டைச் சமைக்க முடியும். வேண்டிய சாமான்கள் எல்லாம் காசிமேட்டு மீன் சந்தையிலும், தெருமுனைக் கீரைக் கடையிலும், மளிகைக் கடையிலும் கிடைக்கின்றன.

பொருள் இருக்கிறது. அதைச் சமைக்கும் விதம்தான் கெட்டுப் போய் இருக்கிறது!

ஏழு நாடுகளில் ஆராய்ச்சி

அமெரிக்காவில் ஆன்சல் கீஸ் என்று ஒரு விஞ்ஞானி இருந்தார். அவரும் அவருடன் சேர்ந்தவர்களும் 1958–ம் ஆண்டில் ஒரு பெரிய ஆராய்ச்சியைத் தொடங்கினார்கள்.

அமெரிக்கா, பின்லாந்து, நெதர்லாந்து, இத்தாலி, யூகோஸ்லாவியா, கிரீஸ், ஜப்பான் ஆகிய 7 நாடுகளில் அது நடந்தது. 40 வயது முதல் 59 வயது வரை உள்ள ஆண்கள் 12 ஆயிரத்துக்கும் அதிகமானவர்களைப் பரிசோதித்தார்கள். என்ன சாப்பிடுகிறார்கள், எத்தனை பேருக்கு மாரடைப்பு வருகிறது என்று பல ஆண்டுகள் கணக்கு எடுத்தார்கள்.

பின்லாந்தின் கிழக்குப் பகுதியில் மாரடைப்புச் சாவு மிக அதிகமாக இருந்தது. அங்கே வெண்ணெயும், கொழுப்பான பாலும் ஏராளமாகச் சாப்பிட்டார்கள். கிரீஸ் நாட்டின் கிரீட் தீவில் அந்தச் சாவு மிகக் குறைவாக இருந்தது. கிரீட் தீவின் விவசாயிகள் பணக்காரர்கள் அல்ல. கீரை, பயறு, ரொட்டி, ஆலிவ் எண்ணெய், கொஞ்சம் மீன், நாள் முழுவதும் உழைப்பு. இதுதான் அவர்கள் வாழ்க்கை.

கீஸ் தானும் இத்தாலியின் கடற்கரைக் கிராமம் ஒன்றில் வீடு கட்டிக் கொண்டு பல ஆண்டுகள் வாழ்ந்தார். 2004–ம் ஆண்டு அவர் இறந்தபோது அவருக்கு வயது 100!

பிறகு ஸ்பெயின் நாட்டில் 7,447 பேரிடம் இதைச் சோதித்தார்கள். 2013–ம் ஆண்டு முடிவு வெளிவந்தது. ஆட்களைப் பிரித்த முறையில் சில குறைகள் இருந்ததால், கணக்கை மறுபடியும் சரிபார்த்து 2018–ம் ஆண்டு மீண்டும் வெளியிட்டார்கள். அப்போதும் முடிவு மாறவில்லை. மத்திய தரைக்கடல் முறையில் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற ஆபத்துகள் சுமார் 30 சதவீதம் குறைவு.

அதில் ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். ஒரு பிரிவினருக்கு ஆலிவ் எண்ணெய் கொடுத்தார்கள். இன்னொரு பிரிவினருக்குத் தினமும் ஒரு கைப்பிடி கொட்டைப் பருப்பு கொடுத்தார்கள். இரண்டு பிரிவினருக்கும் நன்மை கிடைத்தது. எனவே, நன்மை அந்த ஒரு புட்டிக்குள் மட்டும் அடைபட்டுக் கிடக்கவில்லை!

பின்லாந்து காட்டிய வழி

மாரடைப்பில் முதல் இடத்தில் இருந்த பின்லாந்து சும்மா இருக்கவில்லை.

1972–ம் ஆண்டு, அந்த நாட்டின் வடக்குக் கரேலியா மாகாணத்தில் ஓர் இயக்கம் தொடங்கியது. பெக்கா புஸ்கா என்ற இளம் டாக்டர் அதை நடத்தினார். அவர் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து கொண்டு நோயாளிகளுக்காகக் காத்திருக்கவில்லை. ஊர் ஊராகப் போனார். குடும்பத் தலைவிகளின் சங்கத்தைத் துணைக்கு அழைத்தார். வெண்ணெயைக் குறைத்து, உப்பைக் குறைத்து, காய்கறியைக் கூட்டிச் சமைத்துக் காட்டினார்கள். புகை பிடிப்பதை விடும்படி ஆண்களிடம் சொன்னார்கள்.

சில பத்து ஆண்டுகளில், அந்த மாகாணத்தில் வேலை செய்யும் வயதில் உள்ள ஆண்களின் மாரடைப்புச் சாவு 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது.

அவர்கள் ஆலிவ் மரத்தைத் தேடிப் போனார்களா? இல்லை. அது குளிர் நாடு. ஆலிவ் அங்கே வளராது. தங்கள் மண்ணில் விளையும் ஒரு வகைக் கடுகின் எண்ணெயையும், தங்கள் காட்டில் கிடைக்கும் சிறு பழங்களையும் பயன்படுத்தினார்கள்.

வடசென்னைக்கும் இதுவே வழி. வெளிநாட்டுச் சாமானை வாங்க வேண்டாம். வெளிநாட்டார் கண்ட விதியை மட்டும் எடுத்துக் கொண்டால் போதும்.

முள்ளு மீனா? மருந்து மீனா?

காசிமேட்டில் அதிகாலையில் விற்பனை சூடு பிடிக்கும். கூடை கூடையாக மீன் இறங்கும்.

"மத்தி வாங்கிக்கோம்மா, இப்பத்தான் வந்துது" என்பார் மீன்கார ஆயா.

"அது முள்ளு மீனு ஆயா. வஞ்சிரம் என்னா விலை?" என்று கேட்பார் வாங்க வந்தவர்.

இங்கேதான் தவறு நடக்கிறது. மத்தி, கவலை, கானாங்கத்தை, நெத்திலி ஆகியவை சாதாரண நாட்களில் மலிவு. அவற்றில் "ஒமேகா 3" என்ற கொழுப்பு நிறைய இருக்கிறது. ரத்தத்தில் கெடுதல் செய்யும் ஒரு வகைக் கொழுப்பை அது குறைக்கிறது. இருதயத்துக்கு அது நல்லது. வஞ்சிரத்தை விட மத்தியில் அது அதிகம்.

சிறிய மீனுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. பெரிய மீன்கள் சிறிய மீன்களைத் தின்று பல ஆண்டுகள் வளர்கின்றன. கடலில் கலந்த பாதரசம் அவற்றின் உடலில் சேர்ந்து கொண்டே போகிறது. சிறிய மீனில் அது குறைவு.

வாரத்துக்கு 2 முறை மீன் சாப்பிடச் சொல்கிறது அமெரிக்க இருதயச் சங்கம். அதிலும் கொழுப்பு உள்ள மீனாக இருந்தால் நல்லது என்கிறது. காசிமேட்டின் கவலையும் மத்தியும் அந்த இனம்தான்!

நாட்டில் பிடிபடும் மத்தியில் ஒரு பகுதி, மீன் தூள் ஆலைக்கும் எண்ணெய் ஆலைக்கும் போகிறது. அந்தத் தூள் கோழிக்கும் வளர்ப்பு மீனுக்கும் தீவனம் ஆகிறது. மனிதன் ஒதுக்கிய மருந்தைக் கோழி தின்கிறது!

முள் பயமா? மத்தியைப் புளி ஊற்றி, சிறு தீயில் நன்றாக வேக வைத்தால் சிறு முள் மெத்தென்று ஆகி விடும். குழந்தைகளுக்கு மட்டும் முள்ளைப் பார்த்து எடுத்துக் கொடுக்க வேண்டும். மீனை ஆய நேரம் இல்லையா? கொஞ்சம் காசு கொடுத்தால் சந்தையிலேயே சுத்தம் செய்து கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள்.

வாணலி செய்யும் வேலை

மீன் வாங்கி ஆயிற்று. அடுத்து என்ன? பெரும்பாலான வீடுகளில் மசாலா தடவி, கொதிக்கும் எண்ணெயில் போட்டு முறுகப் பொரிக்கிறார்கள்.

அமெரிக்காவில் 65 வயது தாண்டிய 3,910 பேரிடம் நடந்த ஓர் ஆராய்ச்சி 2003–ம் ஆண்டு வெளிவந்தது. மீனைச் சுட்டும் வேக வைத்தும் சாப்பிட்டவர்களுக்கு இருதய நோயால் வரும் சாவு குறைவாக இருந்தது. பொரித்த மீன் சாப்பிட்டவர்களுக்கு அந்த நன்மை கிடைக்கவில்லை.

மீன் ஒன்றுதான். பாத்திரம் மாறியதும் பலன் மாறி விட்டது.

பொரித்த எண்ணெயை என்ன செய்கிறார்கள்? வடிகட்டி வைத்து மறுநாள் அப்பளம் சுடுகிறார்கள். அதற்கு மறுநாள் தாளிக்கிறார்கள். எண்ணெய் கறுத்துப் போகிறது. திரும்பத் திரும்பக் காய்ச்சினால் எண்ணெயில் கெட்ட பொருள்கள் உண்டாகின்றன. அந்தப் பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைக் கடைக்காரர்கள் பயன்படுத்தக் கூடாது என்று 2018–ம் ஆண்டு முதல் இந்தியாவில் விதி இருக்கிறது.

கடைக்கு விதி போடலாம். வீட்டு வாணலிக்கு யார் விதி போடுவது? வீட்டில் இருப்பவர்கள்தான் போட்டுக் கொள்ள வேண்டும்.

"பொரிச்சாத்தான் பிள்ளைங்க சாப்பிடுது" என்று தாய்மார்கள் சொல்வார்கள். தோசைக்கல்லில் 2 தேக்கரண்டி எண்ணெய் விட்டு, சிறு தீயில் மூடி வைத்து, திருப்பிப் போட்டு எடுத்தால் அதே மசாலா, அதே மணம். வாழை இலையில் மடித்துச் சுட்டால் இன்னும் ருசி.

எந்த எண்ணெய்?

ஆலிவ் எண்ணெய் நல்லது என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் தமிழ்நாட்டில் நல்லெண்ணெயும், கடலை எண்ணெயும் இருக்கின்றன.

ரத்தக் குழாயை அடைக்கும் "கெட்ட கொலஸ்டிரால்" கூடுவதற்கு, உறையும் வகைக் கொழுப்பு ஒரு முக்கிய காரணம். நல்லெண்ணெயில் அது நூற்றில் சுமார் 15 பங்கு. கடலை எண்ணெயில் சுமார் 20 பங்கு. பாமாயிலில் 40 பங்குக்கும் மேல்.

ரேஷன் கடையில் கிடைப்பது எது? ஒரு லிட்டர் 25 ரூபாய்க்குப் பாமாயில்! அதே கடையில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்குக் கொடுக்கிறார்கள். பருப்பு கொடுப்பது பெரிய உபகாரம். இருதயத்துக்கு நல்ல உணவு அது. அதன் பக்கத்திலேயே பாமாயில் பையும் இருப்பதுதான் பொருத்தம் இல்லை.

விலை மலிவான எண்ணெயை வாங்கும் ஏழையைக் குறை சொல்வது நியாயம் அல்ல. கடலை எண்ணெயையோ நல்லெண்ணெயையோ ரேஷன் கடையில் மலிவாகக் கொடுக்க அரசாங்கம் வழி செய்ய வேண்டும். மாதம் அரை லிட்டர் கொடுத்தாலும் நல்லது.

அதுவரை குடும்பங்கள் செய்யக் கூடியது, அளவைக் குறைப்பது. ஓர் ஆளுக்கு மாதம் அரை லிட்டர், 4 பேருக்கு 2 லிட்டர் என்று வைத்துக் கொள்ளலாம். முதல் தேதியே அளந்து தனிப் புட்டியில் ஊற்றி வைத்தால், அது போகும் வேகம் கண்ணுக்குத் தெரியும்.

ஒரு கரண்டி உப்பு

ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்கும் குறைவாகவே போதும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது. 5 கிராம் என்பது தலை தட்டிய ஒரு தேக்கரண்டி.

ஒரு துண்டு கருவாடு, ஒரு கீற்று ஊறுகாய், இரண்டு அப்பளம். இவற்றிலேயே அந்தக் கணக்கில் பெரும்பகுதி தீர்ந்து விடும். சோற்றிலும் குழம்பிலும் போடும் உப்பு அதற்கு மேல்! உப்பு கூடினால் ரத்தக் கொதிப்பு கூடும். கொதிப்பு கூடினால் இருதயத்துக்கு வேலை கூடும்.

கருவாட்டை அடியோடு விடச் சொன்னால் வடசென்னை கேட்காது. கேட்கவும் வேண்டாம். கருவாட்டைத் தண்ணீரில் ஊற வைத்து, இரண்டு மூன்று முறை தண்ணீரை மாற்றிக் கழுவினால் உப்பில் ஒரு பங்கு போய் விடும். அதைப் போட்ட குழம்பில் தனியாக உப்பு போடாமல் இருக்கலாம். வாரம் ஒரு நாள் என்று வைத்துக் கொள்ளலாம்.

சோற்று மலை

ஒரு காலத்தில் துறைமுகத்தில் மூட்டைகளை முதுகிலும் தலையிலும் சுமந்தார்கள். மீனவர்கள் கட்டுமரத்தைத் துடுப்புப் போட்டுக் கடலுக்குள் தள்ளினார்கள். அந்த உடம்புக்கு மலை போல் சோறு தேவைப்பட்டது. தின்றதெல்லாம் வேர்வையாகப் போயிற்று.

இப்போது பளுவைக் கிரேன் தூக்குகிறது. படகை எந்திரம் தள்ளுகிறது. தொழிற்சாலைக்கு மோட்டார் சைக்கிளில் போகிறார்கள். லாரி டிரைவர் உட்கார்ந்த இடத்தில் மணிக்கணக்காகக் காத்துக் கிடக்கிறார்.

உழைப்பின் விதம் மாறி விட்டது. தட்டில் இருக்கும் சோற்று மலை மாறவில்லை!

சோற்றைப் பாதியாகக் குறைத்து, அந்த இடத்தில் கீரையும், காயும், பயறும் வைக்க வேண்டும். ஆடி மாதம் கோயிலில் ஊற்றும் கேழ்வரகுக் கூழை மற்ற மாதங்களிலும் வீட்டில் காய்ச்சலாம். கிரீட் தீவின் முரட்டு ரொட்டிக்கு அது எந்த விதத்திலும் இளைத்தது அல்ல.

மாலையில் பஜ்ஜிக்குப் பதில் அவித்த வேர்க்கடலையோ, சுண்டலோ சாப்பிடலாம். பாதாம் பருப்பு வாங்க முடியாதவர்களுக்கு வேர்க்கடலை இருக்கிறது. பாரிமுனைப் பக்கம் "அத்தோ" சாப்பிடப் போகிறவர்கள் கூட, பொரித்ததைக் குறைத்துக் கொண்டு வாழைத்தண்டு சூப்பை இன்னொரு கிண்ணம் கேட்கலாம்!

மத்திக் குழம்பு செய்வது எப்படி?

5 பேருக்குத் தேவையானவை: மத்தி முக்கால் கிலோ, சின்ன வெங்காயம் 20, பூண்டு 10 பல், தக்காளி 3, எலுமிச்சம்பழ அளவு புளி, நல்லெண்ணெய் 2 மேஜைக் கரண்டி, வெந்தயம் அரைத் தேக்கரண்டி, கறிவேப்பிலை, மிளகாய்த்தூள், மல்லித்தூள், மஞ்சள்தூள். உப்பு தலை தட்டி ஒரு தேக்கரண்டி.

மண்சட்டியில் எண்ணெயைக் காய வைத்து வெந்தயம், கறிவேப்பிலை போட வேண்டும். வெங்காயத்தையும் பூண்டையும் வதக்கி, தக்காளி சேர்த்துக் குழைய விட வேண்டும். தூள்களைப் போட்டு ஒரு புரட்டுப் புரட்டி, புளித் தண்ணீர் ஊற்றிப் பச்சை வாசனை போகக் கொதிக்க விட வேண்டும். கடைசியில் மீனைப் போட்டு, சிறு தீயில் 10 நிமிடம் வைத்து இறக்கலாம்.

புளியும் தக்காளியும் நாக்குக்குப் புளிப்பைக் கொடுப்பதால், உப்புக் குறைந்தது தெரியாது. தொட்டுக் கொள்ள முருங்கைக் கீரையும் பாசிப்பருப்பும் போட்ட பொரியல். ஆலிவ் மரத்தையே பார்க்காத மத்திய தரைக்கடல் சாப்பாடு தயார்!

மீன் இல்லாத நாளில்

ஆண்டுதோறும் ஏப்ரல் 15–ந் தேதி முதல் ஜூன் 14–ந் தேதி வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் குஞ்சு பொரிக்கும் காலம் அது. அப்போது மீன் விலை ஏறும்.

அந்த நாட்களிலும், சைவக் குடும்பங்களில் எல்லா நாட்களிலும், காராமணி, கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, மொச்சை கைகொடுக்கும். கத்தரிக்காயும் மொச்சையும் போட்ட புளிக்குழம்பு எந்த நாட்டு இருதய டாக்டரும் பாராட்டும் சாப்பாடு.

மாத்திரை வந்தது, சமையல் மாறவில்லை

ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரை நோய்க்கும் வீடு தேடி மாத்திரை கொடுக்கும் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் 2021–ம் ஆண்டு ஆகஸ்டு 5–ந் தேதி தொடங்கியது. நல்ல காரியம். டாக்டர் சொன்ன மாத்திரையை யாரும் தாமாக நிறுத்தக் கூடாது. சிறுநீரக நோய், சர்க்கரை நோய் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டு உணவை மாற்ற வேண்டும். பீடி, சிகரெட்டை விடாமல் மத்தி மட்டும் சாப்பிட்டால் பலன் இல்லை.

ஆனால் மாத்திரையை விழுங்கி விட்டு, உடனே பொரித்த மீனுக்குக் கை நீட்டினால் மாத்திரை என்ன செய்யும்?

இந்தப் பொறுப்பு முழுவதையும் பெண்கள் தலையில் கட்டுவதும் சரி அல்ல. "உப்பு இல்லை, காரம் இல்லை" என்று தட்டைத் தள்ளும் ஆண்கள் முதலில் மாற வேண்டும். ஷிப்டு முடிந்து வரும் வழியில் ஒரு கட்டுக் கீரை வாங்கி வரலாம். எல்லோருக்கும் போட்டு விட்டு, கடைசியில் மிஞ்சிய சோற்றையும் ஊறுகாயையும் சாப்பிடும் தாய்க்கும் இருதயம் இருக்கிறது. மாரடைப்பு ஆண்களுக்கு மட்டும் வருவது அல்ல. மீன் துண்டு ஒன்றை அவருக்கு என்று முதலிலேயே எடுத்து வைக்க வேண்டும்.

கடலும் நலமாக இருக்க வேண்டும்

நல்ல மீனைச் சாப்பிடு என்று சொன்னால் போதுமா? கடலும் ஆறும் நன்றாக இருந்தால்தானே மீன் நன்றாக இருக்கும்!

2023–ம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கலந்து, கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் பரவியது. படகும் வலையும் கறுத்தன. மீனவர்கள் பிழைப்பை இழந்து நின்றார்கள். இறாலும், நண்டும், மடவை மீனும் தந்த நீர் அது. எண்ணூர் முகத்துவாரத்தைச் சுத்தமாக வைப்பது சுற்றுப்புறக் காரியம் மட்டும் அல்ல. அது ஏழையின் சாப்பாட்டுத் தட்டைக் காப்பாற்றும் காரியம். ஆலைகளும் அரசாங்கமும் இதை மறக்கக் கூடாது.

பின்லாந்துக் குடும்பங்கள் தங்கள் சமையலை மாற்றித் தங்கள் ஆண்களைக் காப்பாற்றின. அவர்களுக்கு ஆலிவ் இல்லை. வடசென்னைக் கடல் போல் வாசலில் மத்தி கொட்டும் கடலும் இல்லை.

காசிமேட்டில் இருப்பவர்களுக்கு எல்லாம் இருக்கிறது. ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு நெஞ்சைப் பிடித்துக் கொண்டு ஓடும் நாள் வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கப் போகும்போது, கவலை மீனை ஒதுக்காமல் கூடையில் போடுங்கள். வாணலியை மாட்டி வைத்து விட்டு மண்சட்டியை இறக்குங்கள்.

கவலையைச் சாப்பிடுங்கள். கவலை உங்களைச் சாப்பிடாமல் இருக்கும்!